கண்மாய்க்கரையில் உன் நடை

தம்பி,

இன்று காலை கடைக்குப் போகிற வழியில் பசை வாடை மூக்கில் ஏறியது. மைதா மாவில் துத்தம் கலந்து காய்ச்சுவார்களே, சினிமா சுவரொட்டிப் பசை, அதுதான். பேருந்து நிலையத்துச் சுவரில் ஒருவன் வாளியும் மட்டையுமாக நின்று உன்னை ஒட்டிக்கொண்டிருந்தான். உன் நெற்றியும் கண்ணும் ஒரு தாளில், வாயும் மோவாயும் இன்னொரு தாளில். இரண்டையும் சேர்க்கத் தெரியாமல் மூக்கைக் கோணலாக்கி வைத்திருந்தான். உன் கடைசிப் படம் மறுபடியும் வருகிறது. ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிற டூரிங் டாக்கீஸில், நாளை முதல்.

"கொஞ்சம் மேல ஏத்தி ஒட்டப்பா, மூக்கு கோணிக்கிட்டு நிக்குது" என்றேன்.

"தள்ளி நில்லுங்கண்ணே, வேட்டியில தெறிக்கும். செத்துப்போன ஆளு, மூக்கு எப்பிடி இருந்தா என்ன?" என்றான்.

அவனை ஓர் அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. இப்போதெல்லாம் என் கோபம் வாயோடு நின்றுவிடுகிறது. கடைக்கு வந்து உட்கார்ந்தும் நகை வேலை ஓடவில்லை. ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். எந்த விலாசத்துக்கு அனுப்பப் போகிறீக என்று கேட்காதே. உயிரோடு இருந்தபோது மட்டும் நான் போட்ட கடிதங்களுக்கு நீ ஒழுங்காகப் பதில் போட்டாயாக்கும்!

நீ ஊரை விட்டுப் போனது எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கம். மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூரில் ஒரு நாடகக் கம்பெனி வந்து கொட்டகை போட்டிருந்தது. தினமும் சைக்கிளில் போய் வேலி இடுக்கு வழியாகப் பார்த்ததில் வசனம் முழுவதும் உனக்கு மனப்பாடம். ராஜபார்ட்டுக்குத் தொண்டை கட்டிக்கொண்ட அன்று நீயாகப் போய் நின்றாய். தெப்பம் முடிந்து கம்பெனி கிளம்பியபோது உன்னையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார்: "பொன்னு தட்டுற கையில அரிதாரமா." அதற்குப் பிறகு உன்னைப்பற்றி அவர் பேசவேயில்லை. உன் படம் ஒன்றைக்கூடப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தார். பார்த்திருந்தாலும் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார். ஏனென்றால் முதல் படத்திலேயே உன்னைக் கொன்றுவிட்டார்களே.

கதாநாயகனுக்குத் தம்பியாக வந்தாய். இடைவேளைக்கு முன்னால் குண்டடிபட்டு, அண்ணன் மடியில் தலையை வைத்து, ஏதோ சொல்ல வந்து சொல்லாமலே கண்ணை மூடினாய். நீ மூடிய விதத்தில் கொட்டகை முழுவதும் மூக்கைச் சிந்தியது. அதோடு உன் தலையெழுத்து முடிவாகிவிட்டது. இவன் நன்றாகச் சாகிறான் என்று கோடம்பாக்கத்துக்குத் தெரிந்துபோயிற்று. அப்புறம் நீ சாகாத சாவு உண்டா? பாம்பு கடித்தது, வெள்ளம் அடித்துப் போனது, இருமி இருமி ரத்தம் கக்கினாய், நண்பனுக்காகத் தூக்குமேடை ஏறினாய். ஒரு படத்தில் கல்யாண மாலையோடு செத்தாய். ஊரில் எல்லோருக்கும் இது பழகிப்போயிற்று. கொட்டகை வாசலில் வண்டிக்காரன் கேட்பான்: "பத்தரே, இந்தப் படத்துல தம்பி எப்ப சாவாரு? எடவேளைக்கு முந்தியா பிந்தியா?"

காசுமாலையைச் செப்பனிடக் கொடுக்க வந்த ஒரு ஆச்சி என் கடையில் உட்கார்ந்து சண்டையே பிடித்தார். "என்ன பத்தரே, ஒங்க தம்பி இப்பவும் பாதியிலயே போயிட்டான். அவனுக்காகத்தானே நாங்க டிக்கெட் எடுத்தது? மிச்சப் படத்தை யாரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கது?"

"அவன்கிட்டச் சொல்றேன் ஆச்சி, அடுத்ததுல கொஞ்சம் தாமசமாச் சாகச் சொல்றேன்" என்றேன். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இப்போது நினைத்தால் நாக்கு கசக்கிறது.

சிரிக்காத ஒரே ஆள் ஆத்தாதான். முதல் படத்தில் நீ விழுந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து அவள் போட்ட கூச்சலில் ஆபரேட்டர் படத்தையே நிறுத்திவிட்டான். அன்றைக்கே என்னைத் தபாலாபீசுக்கு விரட்டி உனக்குத் தந்தி கொடுக்க வைத்தாள். நீ அலறியடித்துக்கொண்டு வந்து இறங்கினாய். வாசலிலேயே உன்னை நிறுத்தி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். கொல்லையில் வெந்நீர் வைத்துத் தலைக்கு ஊற்றினாள். புதுத் துண்டு கட்டிக் கிழக்கே பார்த்து உட்கார வைத்து, தன் கையால் சோறு பிசைந்து ஊட்டினாள். "செத்துப் பிழைச்சவன்டா நீயி. வெறும் வயித்தோட திரியக் கூடாது" என்றாள்.

அதுவே நம் வீட்டுச் சட்டமாகிவிட்டது. படத்தில் நீ செத்தால், படம் வந்த வாரத்துக்குள் வீட்டுக்கு வந்து தலைமுழுகி அவள் கையால் சாப்பிட வேண்டும். பெரிய பெரிய இயக்குநர்களிடமெல்லாம் நீ போய், "சார், ஊர்ல செத்த சோறு போடுறாங்க, ரெண்டு நாள் லீவு வேணும்" என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லி உன் மதினியைச் சிரிக்க வைப்பாய். என் பெண்டாட்டி உனக்குத்தான் சிரிப்பாள். எனக்கு எங்கே சிரித்தாள்.

ஒக்கூரில் உனக்குப் பெண் பார்க்கப் போனது ஞாபகம் இருக்கிறதா? பெண்ணுக்குப் பிடித்திருந்தது. அவள் அப்பா எங்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "தப்பா நெனைக்காதீக. பொண்ணைக் குடுத்துட்டு, மாசத்துக்கு ஒருக்கா மாப்பிள்ளை சாகுறதைப் பாக்க எங்களுக்குத் திராணி இல்ல" என்றார். வண்டியில் திரும்பும்போது நீ சாலையோரப் புளியமரங்களை எண்ணிக்கொண்டு வந்தாய். நான்தான், "போடா, பொண்ணா கெடைக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். நிஜமாகவே கிடைக்கவில்லை.

அதற்கடுத்த முறை நீ வந்தபோது என் பட்டறையில் உட்கார்ந்திருந்தாய். தலைமுழுகிய ஈரம் காயவில்லை. உமியடுப்பில் நான் ஊதிக்கொண்டிருந்தேன். திடீரென்று சொன்னாய்: "அண்ணே, ஒரு படத்துலயாச்சும் கடைசிவரைக்கும் உசிரோட நிக்கணும்ணே. சுபம்னு போடுறப்ப நான் ரெண்டு காலுல நிக்கணும்."

"நீ செத்தாத்தானடா கை தட்டுறானுக" என்றேன்.

"அவனுக தட்டுறானுகண்ணே. ஆத்தா ஒவ்வொரு தடவையும் ஊட்டுறப்ப அவ கை நடுங்குது. எனக்கு மட்டுந்தான் அது தெரியுது" என்றாய். உன் முகத்தில் நடிப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. அப்போதுதான், இவனுக்கு இது விளையாட்டில்லை என்று எனக்குப் பட்டது.

அந்தப் படமும் கிடைத்தது. எழுபதுகளின் நடுவில் ஒரு புது இயக்குநர், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, உன்னைக் கதாநாயகனாகப் போட்டான். செய்யாத குற்றத்துக்குச் சிறைக்குப் போனவன் விடுதலையாகி ஊர் திரும்புகிற கதை. கடைசிக் காட்சியில் கண்மாய்க்கரை மேல் நடந்து வீட்டுக்குப் போவான், சுபம். அதைக் காளையார்கோவில் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் எடுப்பதாக ஏற்பாடு. நீ கடிதம் போட்டாய், உன் வாழ்க்கையிலேயே நீளமான கடிதம். கடைசி வரியில், "ஆத்தாகிட்டச் சொல்லுங்க, இந்தத் தடவை சோறு மிச்சம்" என்று எழுதியிருந்தாய்.

நடுவில் ஒருமுறை வந்து போனாய். உன் கண் மஞ்சளாக இருந்தது. கேட்டால், "லைட்டு வெளிச்சம்ணே, எல்லா நடிகனுக்கும் இப்பிடித்தான்" என்றாய். ஆத்தா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள். மூன்றாம் நாள் படப்பிடிப்பு என்று இரண்டாம் நாளே ஓடினாய். உன்னைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும். கட்டிப்போடுகிற வயதா உனக்கு? முப்பதைத் தாண்டிவிட்டாய். நாங்கள் நினைத்ததைவிட அந்தக் காமாலை முற்றிப்போயிருந்தது.

தந்தி வந்தபோது நான் கடையில். வீட்டில் ஆத்தா மட்டும். தபால்காரர் படித்துவிட்டு, "ஆத்தா, ஒங்க சின்ன மகன் தவறிட்டாராம்" என்றிருக்கிறார்.

ஆத்தா கேட்டாளாம்: "எந்தப் படத்துல?"

அவர் அப்படியே என்னிடம் ஓடி வந்தார். நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கொல்லையில் அண்டா நிறைய வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஆத்தா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "தந்தி வந்துச்சுடா. இந்தப் படத்துல சாவு இல்லேன்னு சொன்னானே, அங்குட்டு எவனோ மாத்திப்புட்டான் போல. நாளைக்கு வந்துருவான்" என்றாள். நான் அவள் கையிலிருந்து அரிசியை வாங்கினேன். எப்படிச் சொன்னேன், என்ன வார்த்தை சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை நினைவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வை மட்டும் இருக்கிறது.

மறுநாள் வேனில் உன்னைக் கொண்டுவந்தார்கள். தெருக்கொள்ளாத கூட்டம். சுவர் ஏறி, ஓட்டின் மேல் ஏறி உன்னைப் பார்த்தார்கள். எவனோ ஒருத்தன் மெய்ம்மறந்து சொன்னான்: "அப்பிடியே நடிக்கிற மாதிரியே இருக்கு பாரு." ஆத்தா உன் தலைமாட்டில் உட்கார்ந்து அழவேயில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் உன் கன்னத்தைத் தொட்டு, "எந்திரிய்யா, போதும். எல்லாரும் பாத்துட்டாக" என்று காதோரம் சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கும்போதுதான் அவள் கதறினாள்.

காரியமெல்லாம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு கார் வந்து நின்றது. அந்த இயக்குநரும் கூடவே தயாரிப்பு நிர்வாகி ஒருவரும். நிர்வாகி தடித்த ஆள், விரலெல்லாம் மோதிரம். எல்லாம் அச்சில் ஊற்றிய வார்ப்பு வேலை, கைவேலை இல்லை, பார்த்ததுமே தெரிந்தது. படம் முடிந்துவிட்டது, கடைசிக் காட்சி மட்டும் பாக்கி என்றார்கள்.

"பத்தரே, ஒரு பாடைக் காட்சி எடுத்துட்டாப் போதும். உங்க உடம்பும் தம்பி உடம்பும் ஒரே அச்சு. முகத்தை மூடிப் படுத்துக்கங்க, அஞ்சு நிமிஷம். ஜனங்க கதறிடும். விநியோகஸ்தருங்க இதைத்தான் கேக்குறாங்க" என்றார் நிர்வாகி.

"ஏய்யா, அவன் நெசமாச் செத்ததுல ஒங்களுக்குத் திருப்தி இல்லையா? படத்துலயும் ஒருக்காக் கொல்லணுமா? சாகாம இருக்கணும்னுதானய்யா அந்தப் படத்துக்கே வந்தான்! அதுக்கு நானே பாடையில ஏறணுமா?" தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அண்ணே, எனக்கும் பிடிக்கல. இன்னொரு வழி இருக்கு. கண்மாய்க்கரையில முதுகைக் காட்டிக்கிட்டு நடந்து போகணும், அவ்வளவுதான். தூரத்துல இருந்து எடுத்துக்கலாம். ஆனா அவர் நடை ஜனங்களுக்குத் தெரியும். வேற ஆளை விட்டா சிரிப்பாங்க" என்றான். நிர்வாகி உதட்டைப் பிதுக்கினார். பாடையில் படுக்க யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், நடக்கத்தான் ஆள் கிடைக்காது என்று அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நான் நடந்து காட்டாவிட்டால் நீ செத்ததுதான். உனக்காக நான் செய்ய முடிந்த காரியம் அது ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

ஆத்தா உள்ளேயிருந்து வந்தாள். "நடப்பான். எம்மகன் நடந்து போகட்டும். நான் சொல்லிக்குடுக்கிறேன்" என்றாள். எந்த மகனைச் சொன்னாள் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கண்மாய்க்கரையில் உன் சட்டையைக் கொடுத்தார்கள். முந்தின காட்சியில் படிந்த அழுக்கு அப்படியே தெரிய வேண்டுமாம், அதனால் துவைக்காமல் பொட்டலம் கட்டி வைத்திருந்தார்கள். மாட்டும்போது உன் வேர்வை வாடை வந்தது. கழுத்துப்பட்டையில் பவுடர் கறை. பொத்தான்களைத் துளை மாற்றிப் போட்டேன். ஆத்தா வந்து சரியாகப் போட்டுவிட்டாள்.

நடந்தேன். "கட்" என்றான் இயக்குநர். மறுபடி நடந்தேன். மறுபடி "கட்". காலம் முழுவதும் குனிந்து உட்கார்ந்து ஊதுகிறவன் நான், என் முதுகு கூன் போட்டது. நீ சின்ன வயதிலிருந்தே ஆகாயத்தைப் பார்த்து நடப்பவன். "தரையைப் பாத்து நடடா, முள்ளு குத்தும்" என்று நான் குட்டாத நாளில்லை. வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நிர்வாகி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பாடைக்குச் சொல்லிடட்டுமா சார்?" என்றார்.

அப்போது ஆத்தா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைமேல் ஏறி வந்தாள். "தோளை எறக்குடா. வலது கைய வீசாத, அவன் வீச மாட்டான். எடது காலு லேசா வெளிய போகணும், சின்னதுல முருங்கைக் கிளையில இருந்து விழுந்தான்ல, அதுல இருந்து. தலையத் தூக்கு. இன்னும். அவனுக்கு எப்பவும் மரத்து உச்சியில ஏதோ தெரியும்." என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். "திரும்பிப் பாத்துராத. திரும்புனா நீயாயிருவ" என்றாள். இயக்குநர்கூட அவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டான்.

நடந்தேன். இந்தத் தடவை "கட்" வரவில்லை. கால் தானாக வெளியே விழுந்தது. பனை உச்சி தெரிந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஆத்தாவின் குரல். உன்னைக் கூப்பிடுவாளே அந்தக் கூப்பாடு, "எய்யா... எய்யா... போயிட்டு வாய்யா." என்னை அவள் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, கழுத்தைத் திருப்ப முடியவில்லை. திரும்பினால் நான் தெரிந்துவிடுவேன். நீ செத்துவிடுவாய். "போதும்ணே, போதும்" என்று அவர்கள் கத்தியதும் காதில் விழுந்தது. நான் நிற்கவில்லை. கரை வளைந்து பனைக்கூட்டத்துக்குள் இறங்கும்வரை போய், அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உனக்காகவும் அழுதேன். எனக்காகவும்தான்.

இயக்குநர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். படத்தில் நீ சாகவில்லை. கரையில் நடந்து போகிறாய், சின்னதாகி மறைகிறாய், சுபம். படம் ஓடவில்லை. பாடை இருந்திருந்தால் நூறு நாள் போயிருக்கும் என்று நிர்வாகி ஊரெல்லாம் புலம்பினாராம். இப்போதும் திருவிழா மேடையில் இளவட்டங்கள் உன்னைப் போலச் செத்துக் காட்டுகிறார்கள். மடியில் தலை வைத்து, ஏதோ சொல்ல வந்து, கண்ணை மூடி. கைதட்டல் பிரமாதம். உன்னைப் போல நடந்து காட்ட ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. நடிப்பு என்று நீ விட்டுப்போனது ஊருக்கு அவ்வளவுதான்.

படம் வந்த அன்று ஆத்தாவைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். கூச்சல் போடாமல் கடைசிவரை பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் பழக்கத்தில் உன் மதினி கொல்லையில் வெந்நீர் வைக்கப் போனாள். ஆத்தா தடுத்தாள். "எதுக்குடி? இந்தப் படத்துலதான் அவன் சாகலையே. அப்பறம் எதுக்கு வரப் போறான்" என்றாள். சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் காலை நான் கடைக்குக் கிளம்பியபோது அவள் வாசலில் வந்து நின்றாள். முன்பெல்லாம் அப்படி வருகிறவள் இல்லை. நான் சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டேன் போல என்று திரும்பினேன். அவள் முகம் அப்படியே வாடிப்போனது. உள்ளே போய்விட்டாள். எனக்கு அன்றைக்கே புரிந்தது. அதற்கடுத்த நாளிலிருந்து நான் திரும்புவதில்லை.

இத்தனை வருஷமாக நடக்கிறது, தம்பி. காலையில் படியிறங்கியதும் என் தோள் தானாக இறங்குகிறது, தலை நிமிர்கிறது, இடது கால் வெளியே போகிறது. தெருமுனைவரை அவள் கண் என் முதுகில் இருப்பது தெரியும். அவளுக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, இருந்தாலும் ஒருநாள் தவறவிடுவதில்லை. சில நாள் எனக்கு உன்மேல் எரிச்சல் வரும். நானும் அவள் பெற்றவன்தானே? என் முகத்தையும் அவள் ஒருநாள் ஆசையாகப் பார்த்தால் என்ன? கேட்டுவிட வேண்டும் என்று இருக்கும். அந்த நேரம் பார்த்துப் பின்னால், "போயிட்டு வாய்யா" என்பாள்.

இன்று காலையும் சொன்னாள். "வாரேன் ஆத்தா" என்றேன், உன் குரலில்.